பனிமலைக்குப் போன உருண்டைகள்

அஞ்சலகத்தில் பார்சல் வாங்குகிறவர் எங்கள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காதோடு வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டது. ஒரு மூலையில் கிளம்பி, அவசரமே இல்லாமல் மறுமூலைக்குப் போய், 'டொக்' என்று முட்டி நின்றது.

"என்னம்மா இது? பட்டாளத்துக்கு நீங்களே குண்டு செஞ்சு அனுப்புறீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற எங்கள் தெரு சரோஜா அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். மரியாதையாகவே ஆளைக் கவிழ்த்துவிடுவார்.

"குண்டு இல்லீங்க. இந்தப் புள்ள செஞ்ச பலகாரமுங்க. ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் ஒண்ணுமில்லீங்க."

இந்தத் தடவை பார்சல்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து எட்டு மாதம். அந்த ஊரில் எனக்குக் கிடைத்திருந்த ஒரே பெயர், சமைக்கத் தெரியாதவள் என்பதுதான். அது இப்போது எங்கள் பிளாக்கைத் தாண்டி அஞ்சலகம் வரைக்கும் வந்துவிட்டதே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெட்டி எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாக்கு செத்துப்போச்சு

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீடு, எல்லாரும் தனக்கா என்று கூப்பிடுகிறவருடையது. கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெர்மனென்ட். தனக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்பது தெரிந்த மறுநாளே, கையில் ஒரு கடிதத்தோடு பின்வாசல் வழியாக வந்தார்.

"எந்தம்பி கலியமூர்த்தி பட்டாளத்துல இருக்கான். மாசம் ஒரு லெட்டர் போடுவான். எங்க வூட்டுக்காரரு படிச்சா ரெண்டு வரிய முளுங்கிடறாரு. நீ படி."

அன்று முதல் நான் அவருடைய வாசகி, எழுத்தர், ரகசியக் காப்பாளர் எல்லாம். கலியமூர்த்தியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் கையெழுத்தில் 'ழ'வின் வால் எங்கே சுழியும் என்பது வரைக்கும் தெரியும்.

அவர் வயர்லெஸ் பெட்டி இயக்குகிற சிப்பாய். வடக்கே எங்கோ பனிமலை உச்சியில் ஒரு காவல் முகாம். மொத்தம் ஒன்பது பேர். அதில் தமிழ் ஆள் இவர் ஒருவர்தான். ஊர்ப் பெயரை எழுதக்கூடாதாம். 'வெள்ளையாக இருக்கிறது' என்பதைத் தவிர இடத்தைப் பற்றி வேறு தகவல் வராது.

அந்த வருடம் ஐப்பசி மழையில் வந்த கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். 'அக்கா, இங்கே எல்லாம் டப்பா சாப்பாடு. மூன்று மாதமாக நாக்கு செத்துப்போச்சு. தீபாவளிக்கு நீ சுடும் அதிரசத்தைக் கனவில் தின்றேன். முழித்துப் பார்த்தால் போர்வையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.'

நான் சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் தனக்கா அழுதுகொண்டிருந்தார்.

"போர்வயத் தின்னுக்கினு இருக்கானாடி எம்புள்ள?"

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் எங்கள் வரிசை முழுவதும் பரவிவிட்டது. அந்தக் காலத்து நெய்வேலியில் ஒரு வசதி. தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஜில்லாவிலிருந்தும் ஒரு குடும்பம் ஒரே வரிசையில் இருக்கும். ஒரு வீட்டில் சீடை, அடுத்த வீட்டில் தேங்குழல், அதற்கடுத்த வீட்டில் கச்சாயம். கலியமூர்த்திக்கு அனுப்பினால் மற்ற எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்களா? ஒன்பது பேருக்கும் சேர்த்தே அனுப்புவது என்று முடிவானது. சரோஜா அக்கா தலைமை ஏற்றார். தலைமை ஏற்கச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

பாகு முற்றிய கதை

தனக்கா அதிரசம். சரோஜா அக்கா முறுக்கு, அதோடு ஒன்பது ஜோடி கம்பளிக் கையுறை. கடைசி வீட்டு அம்மா எலுமிச்சை ஊறுகாய். காடாம்புலியூரில் சொந்தம் உள்ள ஒருவர் முந்திரிப் பருப்பு கொண்டுவந்தார்.

"நீ என்ன கண்ணு செய்யறே?" என்று சரோஜா அக்கா கேட்டார். "கஷ்டப்படாதே. வேணும்னா பேப்பர் மடிச்சுக் குடு, போதும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொரிவிளங்கா உருண்டை செய்வேன்" என்றேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பிரயாணத்துக்குக் கட்டிக் கொடுக்கிற பலகாரம் அது. அரிசி, பாசிப்பயறு, கோதுமை எல்லாம் வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்ப் பல்லும் நிலக்கடலையும் சேர்த்து, கொதிக்கிற வெல்லப் பாகை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். இயல்பிலேயே கடினமானது. நான் செய்ததைக் கடினம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அவமானம்.

குற்றம் முழுக்க என்னுடையது. பாகை அடுப்பில் வைத்துவிட்டு, 'ஒரு நிமிஷம்' என்று தனக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். சரோஜா அக்கா பின்னி முடித்த முதல் கையுறையை எல்லாரும் சூழ்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஆறு விரல் இருந்தது.

"எண்ணிப் பாத்துத்தானுங்க பின்னினேன்" என்றார் சரோஜா அக்கா. தன் கையை நீட்டி எண்ணிக் காட்டினார். ஐந்துதான் வந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது. வீட்டுக்கு ஓடி வந்தால், பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோ கரி கனகனவென்று எரிகிற அடுப்பின் மேல் பாகு முற்றி, கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் தாண்டிப் போயிருந்தது.

வெல்லத்தை வீணாக்க மனசு வரவில்லை. கை பொசுங்கப் பொசுங்க உருட்டினேன். அறுபத்து மூன்று உருண்டை. ஆறியதும் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டேன். தட்டு நசுங்கியது.

ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் ஒன்றைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற ராட்சதச் சக்கர இயந்திரத்தில் அவருக்கு வேலை. "எங்க மிஷினு பல்லு இத வெட்டுமான்னு தெரியல" என்றார்.

சரோஜா அக்கா உருண்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எல்லையில நிக்கறவங்களுக்கு நாமளே கெடுதல் பண்ணலாமா புள்ள?"

ஆனால் பார்சலுக்கு எடுத்துவைத்த காலித் தேயிலைப் பெட்டியில் மற்ற டின்களை எல்லாம் அடுக்கிய பிறகு நிறைய இடைவெளி இருந்தது. டின்கள் ஆடின. தனக்காதான் சொன்னார்: "சந்துல இந்த உருண்டயப் போட்டு அடைச்சிடலாம். ஆடாது. இதுக்கு ஒண்ணும் ஆவாது."

இப்படி என் பலகாரம் முட்டுக்கொடுக்கிற சாமானாகப் பெட்டிக்குள் இடம்பிடித்தது. டின்களுக்கு மேலே மிஞ்சிய ஒன்று மட்டும் இங்கும் அங்கும் உருண்டது. மற்ற டின்களில் எல்லாம் யார் செய்தது என்று சீட்டு எழுதி ஒட்டினேன். என் உருண்டைக்கு மட்டும் ஒட்டவில்லை.

வேட்டி போன வழி

இப்போது அஞ்சலகத்துக்குத் திரும்பலாம்.

குலுக்கிச் சிரித்து முடித்த பார்சல்காரர் பெட்டியைத் தராசில் வைத்தார். முள் எகிறியது. "இவ்வளவு எடை ஒரே பார்சலா போகாதும்மா. ரெண்டா பிரிச்சுக் கொண்டாங்க."

தாழ்வாரத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். பக்கத்துக் கடையில் ஒரு பெரிய காலி பிஸ்கட் டின் கிடைத்தது. உருண்டைகளில் பெரும்பாதி அதற்குள் போனது. ஆனால் அதைச் சுற்றித் தைக்கத் துணி இல்லை. பார்சல்காரரோ கடிகாரத்தைப் பார்க்கிறார். அன்றைய தபால் போய்விட்டால் பண்டிகைக்கு முன்னால் கிளம்பாது.

என் பையில் சலவைக்காரரிடமிருந்து அப்போதுதான் வாங்கிய, என் கணவரின் கல்யாணத்து எட்டு முழ வேட்டி இருந்தது. நான் அதைப் பார்ப்பதை சரோஜா அக்கா பார்த்துவிட்டார்.

"வேண்டாங்கண்ணு."

"தேசத்துக்காகத்தானே அக்கா?"

கிழிக்க மனம் வராமல் வேட்டியை அப்படியே நாலாக மடித்துச் சுற்றித் தைத்தோம். அதன் மேல் நான் மையால் முகவரி எழுதினேன். தனக்கா அரக்கு முத்திரை விழுகிற ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என் வேட்டி எங்க?" என்று கணவர் மறுநாள் கேட்டார்.

"எல்லைக்குப் போயிருக்கு."

அவர் பீரோவைத் திறந்து பார்த்தார். "சட்ட ஏதும் போகலல்ல?" என்றார்.

தபால்காரர் நிற்காத நாட்கள்

கார்த்திகை முழுக்க பதில் இல்லை. மார்கழியிலும் இல்லை.

முதலில் கிண்டல் செய்தோம். 'முறுக்கைத் தின்பதற்கே நேரம் போதவில்லை போல' என்றார்கள். 'உருண்டையைத் தின்றார்களோ, இனி எழுத மாட்டார்கள்' என்று சரோஜா அக்கா சொன்னதற்கு நானே சிரித்தேன்.

ஒரு காலையில் ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். வடக்கு எல்லையில் பனிச்சரிவு. சில ஜவான்களைப் பற்றித் தகவல் இல்லை. அவ்வளவுதான். எந்த இடம், யார் யார் என்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது வானிலை அறிக்கை.

அதற்குப் பிறகு தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே தனக்கா வாசலுக்கு வந்துவிடுவார். தபால்காரர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போனதும், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பார். நான் பட்டாளத்து அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். கிணற்றில் போட்டது போல.

என்னை அரித்தது வேறொன்று. அந்த ஆள் கடைசியாக நம்மிடம் கேட்டது தின்ன ஏதாவது. அதற்கு நான் அனுப்பியது சந்து அடைக்கிற கல். ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா?

தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனத்துக்கு தனக்காவோடு நானும் போனேன். அந்தக் கூட்டத்தில் என் கையை அவர் விடவேயில்லை. திரைகள் விலகி வெளிச்சம் தெரிந்த கணத்தில் சுற்றிலும் எல்லாரும் முழங்கினார்கள். தனக்கா மட்டும் மிகச் சாதாரணக் குரலில், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது போல, "ஒரு லெட்டர் போடச் சொல்லு, போதும்" என்றார்.

ஒன்பது கையெழுத்து

மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். எங்கள் தெருவில் அவர் அப்படி அடித்ததே கிடையாது. தூரத்திலிருந்தே ஒரு தடித்த உறையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

தனக்கா ஓடிவந்து வாங்கி, என் கையில் திணித்து, "மொதல்ல கையெளுத்துப் பாரு, அவனுதா?" என்றார்.

'ழ'வின் வால் சுழிந்திருந்தது. "அவருதான் அக்கா."

தனக்கா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் வைத்ததை எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் இருந்த பலாமரத்தடியில் நின்று நான் சத்தமாகப் படித்தேன்.

'அன்புள்ள அக்காவுக்கும், பார்சல் அனுப்பிய எல்லா அக்காமார்களுக்கும், அம்மாமார்களுக்கும் கலியமூர்த்தி எழுதிக்கொண்டது. நான் நல்லபடியாக இருக்கிறேன். பனி சரிந்தது பக்கத்து மலையில். எங்களுக்கு ஒரு கூடாரம்தான் போச்சு. ஆனால் அது சாமான் கூடாரம்.'

பிறகு விவரம் வந்தது. வானம் மூடிக்கொண்டு ஹெலிகாப்டர் வர முடியவில்லை. பதினோரு நாள் யாரும் மேலே ஏறவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. சாப்பாட்டு டப்பாக்கள் எல்லாம் பனிக்குள் போய்விட்டன. எங்கள் பார்சல் இரண்டும் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தன. பிரித்துப் பார்க்கிற ஆசையில் அவற்றைப் படுக்கிற கூடாரத்திலேயே வைத்திருந்தார்கள்.

'ஊறுகாய் பாட்டில் குளிரில் வெடித்துவிட்டது. துண்டு துண்டாக உறைந்ததைப் பொறுக்கிச் சப்பினோம். முறுக்கு வழியிலேயே மாவாகிவிட்டது. அதையும் விடவில்லை. அதிரசம் இரண்டு நாள். முந்திரி நாலாவது நாளோடு சரி. மிச்சம் இருந்தது உருண்டை.'

என் குரல் இறங்கியது. "சத்தமா படி" என்றார் சரோஜா அக்கா.

'முதலில் ஒருவன் கடித்தான். பல் ஆடிவிட்டது. ஹவில்தார் ரத்தன் சிங் வாங்கிப் பார்த்துவிட்டு, இது தின்பதற்கா, பீரங்கியில் போடுவதற்கா என்று கேட்டார். அப்புறம் அவரே கூடார முளை அடிக்கிற சுத்தியலை எடுத்து உடைத்தார். பனியைக் காய்ச்சிய தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டோம். அக்கா, அது கரைந்து கெட்டியான கஞ்சியானது. சுக்கு வாசனை. தொண்டையில் இறங்கியதும் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. நாங்கள் ஒன்பது பேரும் பாத்திரத்தை வழித்து நக்கினோம். ஆளுக்கு ஒன்று என்று தினம் ஒன்பது உடைத்தோம். ஏழு நாள் அதுதான் சாப்பாடு. எட்டாம் நாள் காலையில் டின்னில் ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.'

நான் தாளைத் திருப்பினேன்.

'எல்லாப் பலகாரத்துக்கும் பேர் இருந்தது. உருண்டைக்கு மட்டும் பேர் இல்லை. அதைச் செய்த அம்மா யார் என்று கேட்டு எழுதவும். ஒன்பது பேரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.'

தமிழில் ஒன்று, இந்தியில் நாலைந்து, மலையாளத்தில் ஒன்று, எங்களுக்குப் புரியாத எழுத்தில் மற்றவை. அதற்கெல்லாம் கீழே ஒரு தனி வரி: 'ஒரு டின்னைச் சுற்றி ஒரு முழு வேட்டி இருந்தது. தவறி வந்ததோ தெரியவில்லை. பொங்கலன்று கம்பளிக் கால்சட்டை மேல் கட்டிக்கொண்டேன். எல்லோரும் என்னைச் சுற்றி ஆடினார்கள்.'

முதலில் அசைந்தது சரோஜா அக்கா. என் இரண்டு கையையும் பிடித்து, பாகு சுட்ட தழும்பு இருக்கிற உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "இனி உன்ற சமையலப் பத்தி ஆராச்சும் வாயத் தொறந்தா, எங்கிட்ட வரச் சொல்லு கண்ணு" என்றார். இத்தனை நாளும் வாயைத் திறந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை நான் சொல்லவில்லை.

தனக்கா ஓடிவந்து என்னை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டார். நிஜமாகவே தூக்கிவிட்டார். கால் தரையில் படவில்லை. "பாகு முத்துனதே நல்லதாப் போச்சுடி! முத்துனதே நல்லதாப் போச்சு!" என்று அழுகையும் சிரிப்புமாக என்னைத் தூக்கிக்கொண்டே சுற்றினார். அன்று மத்தியானம் எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் சமையல் ஆகவில்லை. யாருக்கும் அது பெரிதாகத் தோன்றவுமில்லை.

அந்தப் பெண் ரயில் ஏறினாளா?

கடிதத்தோடு ஒரு கிழிந்த பத்திரிகைத் தாளும் இருந்தது. முறுக்கைச் சுற்றி நான் வைத்த பழைய வாரப்பத்திரிகைப் பக்கம். அதில் ஒரு தொடர்கதையின் நடுப்பகுதி. ஒரு லேடி டாக்டர் வீட்டை விட்டுக் கிளம்பி, பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

பதினோரு நாளும் படிக்க அது ஒன்றுதான். கலியமூர்த்தி அதை இந்தியில் சொல்ல, மற்ற எட்டுப் பேரும் இரண்டு கட்சியாகிவிட்டார்களாம். அவள் ஏறவேண்டும் என்று ஒரு கட்சி. கூடாது என்பது ஹவில்தார் கட்சி. 'அடுத்த வாரப் பக்கத்தை உடனே அனுப்பவும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

அந்தப் பத்திரிகையின் அடுத்த இதழைத் தேடி எங்கள் பிளாக்கே புரண்டது. பரணில் தேடினோம். பழைய பேப்பர்க்காரரை மறித்தோம். கடைசியில் முடி வெட்டப்போன என் கணவர் சலூனில் கண்டுபிடித்து, கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைக் கேட்டு வாங்கி வந்தார்.

அந்த வாரம் முழுக்க ரயில் தாமதம். அவள் இன்னும் நடைமேடையில்தான் நின்றாள். அதையே அனுப்பினோம்.

சித்திரை வெயிலில் ஒரு சல்யூட்

சித்திரையில் கலியமூர்த்தி லீவில் வந்தார். கூடவே ஹவில்தார் ரத்தன் சிங்கும் வந்தார். அவருடைய தாயாரின் வேண்டுதல், ராமேஸ்வரத்துக்குக் கங்கை ஜலம் கொண்டுபோவது. போகிற வழியில் உருண்டை அம்மாவைப் பார்த்தே தீருவேன் என்று இறங்கிவிட்டார்.

நெய்வேலி சித்திரை வெயில் உங்களில் பலருக்குத் தெரியும். தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கும். பனிமலையிலிருந்து வந்த ஆறடி மனிதர், முழுச் சீருடையில், மீசையிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார். கலியமூர்த்தி பின்னால் டிரங்குப் பெட்டியோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

எல்லாரும் வாசலில் நின்றிருந்தோம். ஹவில்தார் வரிசையாகப் பார்த்தார். உருண்டை செய்தவர் வயதான அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனதில் இருந்திருக்கிறது. எங்களில் மூத்தவர், கண்ணாடி போட்டவர், சரோஜா அக்கா. நேரே அவர் முன்னால் போய் நின்று, பூட்ஸ் இரண்டும் அறைய ஒரு சல்யூட் அடித்தார். ரயிலில் மூன்று நாள் மனப்பாடம் செய்த தமிழை, அணிவகுப்புக் குரலில் சொன்னார்:

"அம்மா! உங்க உருண்டை கல்லு! எங்க பல்லு போச்சு! ரொம்ப நன்றி!"

'உங்கள் உருண்டை அமுதம், எங்கள் பசி போனது' என்று அர்த்தம் சொல்லிக் கலியமூர்த்தி அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். தெருவே வெடித்தது.

சரோஜா அக்கா இரண்டு அடி பின்வாங்கி, "ஐயோ நானில்லீங்க! சத்தியமா நானில்லீங்க! அந்தப் புள்ளைங்க!" என்று என்னைக் காட்டினார்.

நான் உள்ளே ஓடப் பார்த்தேன். தனக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். ஹவில்தார் என்னை நம்பவில்லை. இந்தியில் ஏதோ கேட்டார். கலியமூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒங்க மாமியார் எங்கன்னு கேக்குறாருக்கா" என்றார்.

"நான்தான் செஞ்சேன். பாகு முத்திப் போச்சு" என்றேன். அதைக் கலியமூர்த்தி மொழிபெயர்த்தார். அதோடு, நாங்கள் ஏன் சிரித்தோம் என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஹவில்தார் அவரை ஒரு முறை முறைத்தார். அப்புறம் அவரே வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். ஓய்ந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிதானமாகப் பேசினார். கலியமூர்த்தி வரிக்கு வரி சொன்னார்.

"எங்க முகாம்ல சின்னப் பசங்க ரெண்டு பேரு இருந்தாங்களாம். மூணாம் நாளே மனசு விட்டுட்டாங்களாம். உருண்டைய ஒடைக்கிற வேலய இவரு அவங்ககிட்டத்தான் குடுப்பாராம். சுத்தியல் சத்தம் கேட்டாத்தான் காலையில எல்லாரும் எந்திரிப்பாங்களாம். எங்கயோ ஒரு பொம்பள, நம்மள யாருன்னே தெரியாம, நமக்காக உக்காந்து உருட்டியிருக்காங்கன்னு தினமும் சொல்லுவாராம்."

"வெயிலா இருக்கு, உள்ள வாங்க" என்றேன்.

உள்ளே அவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தோம். பலாப்பழக் காலம். முள்ளோடு ஒரு முழுப்பழத்தைத் தூக்கி வந்து முன்னால் வைத்ததும், இதையும் சுத்தியலால் உடைப்பதா என்று சைகையில் கேட்டார். சுளையை வாயில் போட்ட பிறகு ஒரு மணி நேரம் அவர் கை ஓயவில்லை. கையை அலம்பிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, டாக்டர் பெண் ரயிலேறினாளா என்பதுதான். ஏறாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டாள் என்று தனக்கா சொன்னார். பொய். ஆனால் ஹவில்தார் கலியமூர்த்தியின் முதுகில் அடித்த வெற்றி அடியைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அசையாதீங்க

கிளம்பும் முன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்தார். கருஞ்சிவப்பு. அவருடைய தாயார் 'மதராஸ் அம்மா'வுக்காகக் குளிர்காலம் முழுக்கத் தன் கையால் நெய்தது. இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

அனலடிக்கிற அந்த மத்தியானத்தில் அதைப் போர்த்திக்கொண்டேன். போர்த்தாமல் எப்படி இருப்பது? நெருப்பைப் போர்த்திக்கொண்டது போல இருந்தது. "எனக்கொருதரம் குடு" என்று தனக்கா வாங்கினார். பிறகு சரோஜா அக்கா. பிறகு ஒவ்வொருவராக. வியர்த்து வழிந்துகொண்டு, 'ஆகா, என்ன இதம்' என்று ஹவில்தாரைப் பார்த்துச் சொன்னார்கள். அவரும் பெருமையாகத் தலையாட்டினார்.

இதைப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று சரோஜா அக்கா உத்தரவிட்டார். கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு ஊர்வலமாகப் போனோம். சால்வை நீளமானது. என் தோள், தனக்கா தோள், சரோஜா அக்கா தோள் மூன்றையும் அது மூடியது. மற்றவர்கள் சுற்றி நெருக்கி நின்றார்கள். நடுவில் ஹவில்தார், ஓரத்தில் கலியமூர்த்தி. இரண்டு பெரிய விளக்கைப் போட்டதும் உள்ளே சூளை போல் ஆகிவிட்டது.

"அசையாதீங்க" என்றார் போட்டோகிராபர்.

யாரோ 'க்ளுக்' என்றார்கள். தனக்காவின் தோள் குலுங்கியது. சால்வை வழியாக அது எனக்கு வந்தது, என்னிடமிருந்து சரோஜா அக்காவுக்குப் போனது. "அசையாதீங்கம்மா, பிலிம் வேஸ்ட்டாவுது!" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச எங்களால் நிறுத்த முடியவில்லை. வயிறு வலித்தது. அந்த நிலையிலேயே அழுத்திவிட்டார்.

படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் ஒருவர் முகமும் அதில் உருப்படியாக இல்லை. பல்லும் கண்ணும் பொட்டும் கலைந்து ஓடுகின்றன. ஹவில்தார் ரத்தன் சிங் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறார். அசையாதே என்றால் அசையாதவர். நெஞ்சு நிமிர்த்தி, கைகளை ஒட்டிவைத்து நிற்கிறார். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் பளபளவென்று ஒரு கோடு. அதைத் துடைப்பதற்குக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

அது வியர்வை என்று சரோஜா அக்கா கடைசி வரைக்கும் சாதித்தார். இல்லை என்றார் தனக்கா. நான் தனக்கா கட்சி.